வானகிரி மணலில் ஓர் ஓநாய்ச் சிலந்தி

பூம்புகாரில் காவிரி கடலோடு சேரும் இடத்தைப் பார்த்துவிட்டு, கரையோரமாகவே தெற்கே வானகிரிப் பக்கம் நடந்தேன். மாலை 5.30 மணி இருக்கும். அலை எட்டாத மேட்டில் அடப்பங்கொடி படர்ந்திருந்தது. சங்கப் பாட்டுகளில் வரும் அடும்பு இதுதான். மான்குளம்பு போல் பிளந்த இலை, ஊதாப் பூ. கொடியின் ஓரத்தில் ஒரு சிட்டிகை மணல் நகர்ந்தது.

நண்டுக் குஞ்சு என்றே நினைத்தேன். குனிந்து பார்த்தால் வெறும் மணல். வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்து விரலை நீட்டினார். “நிழலைப் பாருங்கள் தம்பி. எட்டுக்கால் பூச்சி அதற்கு மேலேதான் நிற்கிறது.”

சாய்ந்த வெயிலில் கால்களின் நிழல் மட்டும் கோடு கோடாக விழுந்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மேலே போன பிறகுதான் உடம்பு தென்பட்டது: மணலின் அதே வெளிர்மஞ்சள், அதன்மேல் கருமணல் தூவியது போன்ற புள்ளிகள்.

நிறத்தை வைத்துச் சிலந்தியின் பெயரைச் சொல்ல முயன்றால் ஏமாந்துபோவோம். கண்களைத்தான் பார்க்க வேண்டும். படமெடுத்துப் பெரிதாக்கினேன். கீழ்வரிசையில் நான்கு சிறு கண்கள், அவற்றுக்கு மேலே முன்னோக்கிய இரண்டு பெரிய கண்கள், தலையின் பின்பக்கம் இன்னும் இரண்டு. இந்த அமைப்பு ஓநாய்ச் சிலந்திக்கு உரியது. குதிக்கும் சிலந்திக்கு முன்வரிசையிலேயே பெரிய கண்கள் இருக்கும்.

மிச்சமிருந்த ஐயத்தையும் அதுவே தீர்த்துவைத்தது. அது திரும்பியபோது, வயிற்றின் நுனியில், நூல் சுரக்கும் இடத்தில், வெள்ளை உருண்டை ஒன்று ஒட்டியிருந்தது. முட்டைப் பை! வேறு சில சிலந்திகள் பையை வாயில் கவ்விச் சுமக்கும். பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு ஓடுவது ஓநாய்ச் சிலந்தித் தாய்தான். குஞ்சுகள் வெளிவந்ததும் அவளுடைய முதுகில் ஏறிக்கொள்ளும்.

இந்தக் குடும்பத்தில் 2,400 இனங்களுக்கு மேல் உண்டு. எந்த இனம் என்று உறுதிசெய்ய, வளர்ந்த சிலந்தியின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். முட்டை சுமக்கும் தாயைப் புட்டியில் அடைக்க எனக்கு மனம் வரவில்லை. குடும்பப் பெயரை மட்டும் குறித்துக்கொண்டேன்.

இருட்டிய பிறகு டார்ச்சைக் கண்ணருகே பிடித்தபடி அதே மேட்டுக்குத் திரும்பினேன். ஓநாய்ச் சிலந்தியின் கண்களுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் உண்டு. அடப்பங்கொடிக்கு அடியில் பச்சைப் பொட்டுகள் மின்னின. ஒன்று, இரண்டு, ஐந்து... ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைத்து, ஈர மணலுக்கு இறங்கினேன்.