சில்கோசா பைனை இனங்கண்டதும் வளர்த்ததும்

வேலை நிமித்தமாக இமாசலப் பிரதேசத்தின் கின்னௌர் மாவட்டத்துக்கு வந்த நாள்முதல், சட்லெஜ் ஆற்றுக்கு மேலே வறண்ட பாறைச் சரிவுகளில் வேரூன்றி நிற்கும் ஒரு பைன் மரம் என்னை ஈர்த்து வந்தது. பருவமழை மேகங்களை முன்னிருக்கும் மலைகள் பெரும்பாலும் தடுத்துவிடுவதால், இந்த மரங்கள் பனி உருகிய ஈரத்தையே மிகுதியும் நம்பி வாழ்கின்றன. ஊரார் இதை நியோசா என்கிறார்கள். கடைகளில் சில்கோசா என்று மிக அதிக விலைக்கு விற்கப்படும் பருப்பு இதன் விதைதான்.

இதே மாவட்டத்தில் சீர் பைனும் நீலப் பைனும் இருப்பதால் தொடக்கத்தில் குழம்பினேன். ஒரு கொத்தில் எத்தனை ஊசிகள் என்று எண்ணுவதே முதல் வழி. நீலப் பைனுக்கு ஐந்து. மற்ற இரண்டுக்கும் மூன்று. ஆனால் சீர் பைனின் ஊசி ஒரு சாணுக்கும் மேல் நீண்டு தொங்கும், கொத்தின் அடியிலுள்ள உறையும் உதிராது. சில்கோசாவின் ஊசியோ ஆறு முதல் பத்து சென்டிமீட்டர் நீளத்தில் விறைப்பாக நிற்கும், உறையும் உதிர்ந்துவிடும். பட்டையைப் பார்த்தால் ஐயமே எழாது: கொய்யா மரத்தைப் போலச் செதில் செதிலாக உரிந்து, உள்ளே வெளிர்பச்சையும் சாம்பலுமாகத் திட்டுகள் தெரியும்.

2022 அக்டோபரில் பக்கத்து வீட்டு அம்மா அந்த ஆண்டு அறுவடையிலிருந்து வறுக்காத விதைகள் நாற்பது கொடுத்தார். எண்ணெய்ச் சத்து மிகுந்த இவ்விதைகள் நாள்பட்டால் முளைக்கும் திறனை இழந்துவிடும் என்பதால் குளிரில் வைத்திருந்து, மார்ச்சில் ஒருநாள் ஊறவிட்டேன். மூழ்கிய முப்பத்தொன்றில் பதினைந்தை எரு கலந்த மண்ணில் ஊன்றி, நாள்தோறும் தண்ணீர் விட்டேன். பதினொன்று முளைத்தன, விதையோட்டைத் தலையில் சுமந்தபடியே அவை எழுந்ததைப் பார்க்க அத்தனை மகிழ்ச்சியாக இருந்தது. ஒரு மாதத்துக்குள் ஒன்பது சாய்ந்துவிட்டன. மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு நூலாக இளைத்துப் பழுத்திருந்தது, அது நாற்றழுகல். வறட்சியைத் தாங்கும் மரத்தின் பிள்ளைகளை நான் நீரூற்றியே கொன்றிருந்தேன்.

மீதமிருந்த பதினாறு விதைகளுக்கு இரண்டு பங்கு பருமணலும், தாய்மரத்தின் அடியில் எடுத்த மண் ஒரு பங்கும் கலந்தேன். பைன் வேரோடு கூடி வாழ்ந்து நீரை ஈர்க்க உதவும் பூஞ்சைகள் அந்த மண்ணில் இருக்கும். ஆணிவேர் நேராக இறங்குவதற்காக ஓர் அடி ஆழமுள்ள பைகளைப் பயன்படுத்தினேன். விரல் நுழையும் ஆழம்வரை காய்ந்த பிறகே நீர் விட்டேன். பத்து முளைத்தன, எட்டு இன்றும் உயிரோடு இருக்கின்றன.

வளர்ச்சி மிக மெதுவானது. மூன்றாம் ஆண்டிலும் ஒரு சாண் உயரம் இல்லை. முதலில் வந்தவை நீலம் பாய்ந்த ஒற்றை ஊசிகள். கடந்த ஏப்ரலில்தான் ஒரு நாற்றின் உச்சியருகே முதல் மூவூசிக் கொத்தைக் கண்டேன். கண்ணாடியை அணிந்துகொண்டு இரண்டுமுறை எண்ணினேன்.

கூம்புகள் விரியுமுன்பே ஏறக்குறைய அனைத்தும் அறுவடையாகிவிடுவதாலும், தப்பி முளைப்பதை ஆடுகள் மேய்ந்துவிடுவதாலும், சரிவுகளில் இளங்கன்றுகளைக் காண்பது அரிது. அந்த அம்மாவின் தோட்டத்துக்கு மேலுள்ள அவர்களது கல்வரப்பில், வெயில் தாக்கும் பக்கம் ஒரு கல்லை நிறுத்தி, முள்வேலியிட்டு, வரும் இலையுதிர்காலத்தில் நான்கை நடவிருக்கிறேன்.