போய் வாருங்கள், ரோஸ்லின்

கீழே புல்வெளியில் விலங்குகள். அவற்றை ஆசைதீரப் பார்த்தபடியே லாரா ரோஸ்லினின் உயிர் பிரிகிறது. போர்க்கப்பல் தளபதி அடாமா தன் மோதிரத்தைக் கழற்றி அவர் விரலில் போட்டுவிடுகிறார்.

'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' என்ற விண்வெளி அறிவியல் புனைகதைத் தொடரில் 2009-இல் வந்த காட்சி. இன்று மறுபடி பார்த்தேன், மறுபடி அழுதேன்.

தொடரைப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

ரோஸ்லின் கல்வி அமைச்சர். அதிபர் பதவி வரிசையில் 43-வது ஆள். மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்த கையோடு உலகமே அழிகிறது, விண்கலத்துக்குள் நின்றபடி அதிபராகப் பதவியேற்கிறார்.

எனக்கு எல்லாவற்றையும்விட அந்த வெள்ளைப் பலகைதான். மிச்சமிருக்கும் மனிதர்களின் எண்ணிக்கையைத் தன் கையாலேயே எழுதிவைப்பார். குறைந்துகொண்டே போகும். ஒருநாள் கப்பலில் ஒரு குழந்தை பிறந்த செய்தி வருகிறது. எழுந்து போய் எண்ணை அழித்துவிட்டு, ஒன்று கூட்டி எழுதுகிறார்: 47,973. அப்போது ரோஸ்லினாக நடித்த மேரி மெக்டொனெல் முகத்தில் வரும் அந்தச் சின்னச் சிரிப்பு!

அவரைத் தெய்வமாக்கவில்லை, அதுதான் பெரிய விஷயம். கைதியை ஏர்லாக் (விண்கலத்தின் வெளிவாசல் அறை) வழியே விண்வெளிக்குத் தள்ளச் சொன்னார். தேர்தலில் தில்லுமுல்லுக்குத் துணைபோனார். கருக்கலைப்பைத் தடை செய்தார். அதில் எனக்கு இன்றும் கடும் கோபம் உண்டு.

துப்பாக்கி தூக்கினால்தான் வலிமையான பெண் என்று காட்டும் தொடர்கள் நிறைய உண்டு. இவர் ஐம்பதைத் தொட்ட ஆசிரியை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே தளபதிகளை உட்காரவைத்துப் பேசினார்.

இப்படி ஒரு பெண்ணை அதிகாரத்தில் வைத்து, தப்பும் செய்யவிட்டு, கடைசிவரை மரியாதையோடு வழியனுப்பிய தொடர் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.