199 என்று வந்த கூட்டல்: குரூப் 4 தேர்வும் என் தூக்கமும்

குரூப் 4 தேர்வில் 200 கேள்விகளுக்கும் விடை நிரப்பிய பிறகு அப்போது இன்னொரு வேலை இருந்தது. ஏ, பி, சி, டி, இ ஒவ்வொன்றையும் எத்தனை முறை நிரப்பினோம் என்று எண்ணி விடைத்தாளில் குறிக்க வேண்டியிருந்தது. 2022 ஜூலை 24 அன்று நானும் எண்ணிக் கூட்டினேன். 199 வந்தது. மறுபடி எண்ணினேன், மறுபடியும் 199. எங்கோ ஒரு கேள்வியை வெறுமையாக விட்டிருக்கிறேன். வட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து தெரிந்தன. வரிசையாக விரல் வைத்துப் பார்த்துத்தான் அதைக் கண்டுபிடித்தேன். கூட்டு வட்டிக் கணக்கு. முந்தைய வாரம் அதே மாதிரிக் கணக்கை ஒரு நிமிடத்தில் போட்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து வினாத்தாளைப் புரட்டியபோது அழுகையே வந்துவிட்டது. படிக்காமல் விட்டவை கொஞ்சம்தான். படித்ததைக் குழப்பிக்கொண்டவைதான் அதிகம். அரசியலமைப்புச் சட்டத்தில் தீண்டாமை ஒழிப்பு 17ஆவது பிரிவு, பட்டங்கள் ஒழிப்பு 18ஆவது பிரிவு என்று நூறு முறை எழுதிப் பார்த்தவள், அந்த நேரத்தில் இரண்டையும் மாற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஆண்டு முழுவதும் நான் இரவு ஒன்றரை வரை படித்தேன், காலை எட்டரைக்கு எழுந்தேன். பிளாஸ்க்கில் தேநீர் போட்டு வைத்துக்கொண்டு கண் விழிப்பதுதான் உழைப்பு என்று உண்மையாகவே நம்பினேன். தேர்வோ காலை ஒன்பதரைக்கு. அதற்கு வெகு முன்பே மையத்துக்குள் இருக்க வேண்டும். எனவே அன்று ஐந்து மணிக்கு எழுந்தேன். தூங்கியது மூன்று மணி நேரம். நான் தேர்வு எழுதிய நேரம், மற்ற நாட்களில் என் உடம்பு தூக்கத்திலிருந்து மெல்ல வெளியே வந்துகொண்டிருக்கும் நேரம். மூன்று மணி நேரத் தேர்வில் பாதியை அரைத் தூக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

அடுத்த தேர்வு 2024 ஜூன் 9 அன்று நடந்தது. அதற்குப் படிக்கத் தொடங்கியபோது முதலில் மாற்றியது படுக்கும் நேரத்தை அல்ல, எழும் நேரத்தை. இதைத்தான் என்னிடம் கேட்கும் தம்பி தங்கைகளிடம் முதலில் சொல்கிறேன். பத்து மணிக்குப் படுத்தே தீருவேன் என்று சபதம் எடுத்தால் விட்டத்தைப் பார்த்தபடி கிடப்பீர்கள். தூக்கத்தை நினைத்தவுடன் வரவழைக்க முடியாது. எழுவது நம் கையில் இருக்கிறது. காலை ஐந்தரை என்று வைத்தேன், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. முதல் பத்து நாள் பெரும்பாடு. மத்தியானம் தலை கனத்தது, புத்தகத்தின் மேலேயே சாய்ந்தேன். இரண்டாவது வாரத்தின் நடுவில் ஒருநாள் இரவு பத்தேகாலுக்குத் தானாகக் கண் சொக்கியது.

எழுந்தவுடன் செய்தது ஒன்றுதான்: புத்தகத்தோடு மொட்டை மாடிக்குப் போய் விடியும் வெளிச்சத்தில் இருபது நிமிடம் நடந்தேன். எப்போது தூங்குவது, எப்போது விழிப்பது என்று சொல்லும் நாள்முறைக் கடிகாரம் ஒன்று நம் உடம்பில் ஓடுகிறது. அது மூலக்கூறு அளவில் எப்படி இயங்குகிறது என்று கண்டறிந்த மூன்று அமெரிக்க அறிவியலாளர்களுக்கு 2017இல் மருத்துவ நோபல் கிடைத்தது. நடப்பு நிகழ்வுகளுக்காகப் படித்த செய்திதான். என் உடம்பைப் பற்றிய செய்தி என்று அப்போது தோன்றவில்லை. அந்தக் கடிகாரத்துக்கு ஒவ்வொரு நாளும் சாவி கொடுப்பது காலை வெளிச்சம்.

இனி அறை. எங்கள் வீடு திருநெல்வேலியில், மேலே கான்கிரீட் தளம். ஏப்ரல், மே மாதங்களில் பகலெல்லாம் குடித்த வெயிலைத் தளம் நள்ளிரவு வரை கீழே இறக்கிக்கொண்டிருக்கும். மின்விசிறி அந்த அனலைத்தான் சுழற்றும். தூக்கம் வருவதற்கு உடம்பின் உள்வெப்பம் சற்றே இறங்க வேண்டும்; அனல் அறையில் அது இறங்காது. அதனால் வெயில் தாழ்ந்ததும் மாடியில் இரண்டு குடம் தண்ணீர் தெளித்தேன். மாலை ஆறுக்கு மேல் ஜன்னல்களைத் திறந்துவைத்து, கொசு வரும் என்பதால் வலை கட்டிக்கொண்டேன். பஞ்சு மெத்தையை ஓரமாக வைத்துவிட்டு, அம்மாவின் கோரைப்பாயை எடுத்தேன். எங்கள் பக்கத்துப் பத்தமடையில் நெய்தது. முதுகில் அந்தக் கோரையின் குளிர்ச்சி படும்போதே பாதி அலுப்பு இறங்கும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெதுவெதுப்பான நீரில் குளித்தேன். வெந்நீர் உடம்பைச் சூடாக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். தோலுக்கு ரத்தம் ஓடிவந்து உள்வெப்பம் வெளியேற அதுவே வழி செய்கிறது.

தெருவிளக்கு ஜன்னல் வழியாக நேராக முகத்தில் விழும். திரைச்சீலை வாங்கப் பணம் செலவழிக்கவில்லை; பாட்டியின் கருநீலப் பருத்திச் சேலையை இரண்டாக மடித்துக் கயிற்றில் தொங்கவிட்டேன். இருட்டத் தொடங்கிய பிறகுதான் தூக்கத்துக்கு உடம்பைத் தயார்செய்யும் மெலடோனின் என்ற ஹார்மோன் மூளையில் சுரக்கத் தொடங்குகிறது. கண்ணில் வெளிச்சம் விழுந்துகொண்டே இருந்தால் அது தாமதமாகும்.

பாயினால் எதிர்பாராத நன்மை ஒன்று கிடைத்தது. முன்பெல்லாம் மெத்தையில் சுவரோடு தலையணை வைத்துச் சாய்ந்துதான் படிப்பேன். அங்கேயே சாப்பாடு, அங்கேயே மாதிரித் தேர்வு, அங்கேயே மதிப்பெண் குறைந்த அழுகை. இரவில் படுத்தால் அந்தக் கவலைகளெல்லாம் அதே இடத்தில் காத்திருக்கும். படுக்கை தூங்குவதற்கு மட்டும் என்பது ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் 1972இல் வகுத்த முறை. தூக்கமின்மைச் சிகிச்சையில் இன்றும் அது முக்கியமான பகுதி. பாயைக் காலையில் சுருட்டி மூலையில் நிறுத்தினால் அறை படிப்பறை, இரவு பத்துக்கு விரித்தால் படுக்கையறை. விடுதியில் கட்டில் மட்டும்தான் இருக்கிறது என்றால், தரையில் ஒரு துண்டை விரித்தாவது உட்கார்ந்து படியுங்கள். படுத்து இருபது நிமிடம் ஆகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் சும்மா உட்கார்ந்திருங்கள். கண் சொக்கிய பிறகு திரும்பிப் படுத்தால் போதும்.

கைபேசியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒன்பதரைக்கு அடுப்படி அலமாரியில் வைத்துவிடுவேன். அலாரத்துக்காகத்தான் பக்கத்தில் வைக்கிறேன் என்ற சாக்கு இருக்கக் கூடாதென்று ஒரு டைம்பீஸ் வாங்கினேன். நள்ளிரவில் படிப்புக் குழுக்களில் வரும் “இன்று நான் 180 எடுத்தேன்” என்ற செய்திகளைப் பார்க்காமல் இருந்ததே பெரிய நிம்மதி.

தேநீரை விடுவது கடினமாக இருந்தது. விழித்திருக்கும்போது மூளையில் சேரும் அடினோசின் என்ற வேதிப்பொருள்தான் களைப்பை உணர்த்துகிறது. தேநீரில் இருக்கும் காஃபின் அந்தக் களைப்பைப் போக்குவதில்லை, உணரவிடாமல் மறைக்கிறது. குடித்ததில் பாதி வெளியேறவே ஐந்தாறு மணி நேரம் ஆகும். நான் இரவு பத்துக்குக் குடித்ததில் பாதி, விடியற்காலை மூன்றுக்கும் உள்ளேயே இருந்திருக்கிறது. கடைசித் தேநீரை மத்தியானம் மூன்று மணிக்கு மாற்றினேன்.

இப்படித் தூங்கினால் படிக்க நேரம் குறையாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் 1924இல் வெளியிட்ட சோதனை ஒன்று என் பயத்தைக் கொஞ்சம் போக்கியது. பொருளற்ற அசைகளை இரண்டு மாணவர்களை மனப்பாடம் செய்யவைத்து, சில நேரம் உடனே தூங்கவும் சில நேரம் விழித்திருக்கவும் சொன்னார்கள். தூங்கி எழுந்த பிறகு அதிகமாக நினைவிருந்தது. அன்றிலிருந்து சட்டப் பிரிவுகள், ஆண்டுகள் போன்ற மனப்பாடப் பகுதிகளை இரவு ஒன்பதிலிருந்து ஒன்பதரை வரை வைத்துக்கொண்டேன். காலையில் மாடியில் நடக்கும்போது புத்தகத்தை மூடிவைத்துச் சொல்லிப் பார்ப்பேன். கணக்கைக் காலைக்கு மாற்றினேன். புதிய பாடத்தை இரவில் தொடவே இல்லை.

எல்லா நாளும் ஒழுங்காக நடந்துவிடவில்லை. கோயில் கொடைத் திருவிழா வந்தது, ஒலிபெருக்கி மூன்று நாள் ஓயவில்லை. அப்போதும் ஐந்தரைக்கு எழுந்தேன். மத்தியானம் மூன்றுக்குள் இருபது நிமிடம் மட்டும் கண்ணயர்ந்தேன். மாலை ஆறு மணிக்குத் தூங்கினால் அந்த இரவு போய்விடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல வாரங்களாகத் தூக்கமே வராதவர்கள், பலத்த குறட்டையோடு மூச்சுத் திணறி விழிப்பவர்கள் பாயையும் திரையையும் நம்பிக் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். மருந்துக் கடையில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்கிப் போடாதீர்கள்.

2024 ஜூன் 8 இரவு, எல்லாம் சரியாகச் செய்தும் பன்னிரண்டு வரை தூக்கம் வரவில்லை. இரண்டாண்டுகளுக்கு முன்பாக இருந்தால் விளக்கைப் போட்டுப் புத்தகத்தை எடுத்திருப்பேன். அன்று எடுக்கவில்லை. எத்தனையோ இரவுகள் நன்றாகத் தூங்கியிருக்கிறேன், ஓர் இரவு குறைந்தால் உடம்பு தாங்கும் என்று கண்ணை மூடிக் கிடந்தேன். எப்போது தூங்கினேன் என்று தெரியாது. காலையில் டைம்பீஸ் அடிப்பதற்கு முன்பே அம்மா வந்து சேலைத் திரையை விலக்கினார்; நான் எழுந்து பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.