பென்சில் கணக்கு (நாட்குறிப்பு)

8 மே 2025, வியாழன்

மகளின் பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்தது. 600-க்கு 541. கணவரிடம் மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை இடது கையால் என் விரலைப் பிடித்து அழுத்தினார். இனிப்பு வாங்கிய 180 ரூபாயை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் ‘இதர’ என்று எழுதியிருக்கிறேன்.

11 மே

அவருடைய பிசியோதெரபிக்கு ஒரு முறை வந்துபோக 400 ரூபாய், வாரத்தில் ஐந்து நாள். என் சம்பளம் 17,500. கழித்துப் பார்க்கவில்லை.

17 மே, சனி

அவருடைய கணக்கு நோட்டை முதன்முறையாக முதல் பக்கத்திலிருந்து படித்தேன். எல்லாம் பென்சில்தான். பேனாவால் எழுதினால் செலவு நிலைத்துவிடும் என்று வேடிக்கையாகச் சொல்வார். 2015 முதல் ஒவ்வொரு மாதத்திலும் முதல் வரி ஒன்றேதான்: ‘செல்வமகள் 2,000, ஐந்துக்குள்.’ மகள் பெயரில் அஞ்சலகத்தில் போட்டுவரும் சேமிப்புக் கணக்கு அது. ஐந்தாம் தேதி முடிந்ததிலிருந்து மாதக் கடைசி வரை உள்ள குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வட்டி என்பதால், ஆறாம் தேதி கட்டும் பணத்துக்கு அந்த மாத வட்டி கிடைக்காது என்பதை எனக்கு எத்தனையோ முறை விளக்கியிருக்கிறார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே தலையாட்டியிருக்கிறேன். தொடங்கியபோது 9.1 விழுக்காடு, பிறகு 7.6 வரை இறங்கி, இப்போது 8.2 என்று ஓரத்தில் ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்து வைத்திருக்கிறார். மார்ச் மாதத்தோடு எழுத்து நின்றுபோயிருக்கிறது. ஆண்டுக்கு 250 ரூபாய் கட்டினாலே கணக்கு உயிரோடு இருக்கும் என்பது தெரிந்தும், ஏப்ரலும் மேயும் வெற்றாகக் கிடப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

பின்னட்டையின் உள்பக்கத்தில் வைப்புத்தொகை 3,00,000 என்று எழுதி, அருகில் ‘தொடாதே’ என்று இரண்டு கோடு போட்டிருக்கிறார். யாருக்குச் சொன்னார்?

24 மே

ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம் ஏப்ரல் 28-இலேயே கட்டியிருக்க வேண்டும் என்பதை நோட்டிலிருந்துதான் அறிந்தேன். ஆண்டுப் பிரீமியத்துக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு. இன்னும் நான்கு நாட்கள் இருந்தன. கட்டிவிட்டேன். கை நடுங்கியது என்பதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

1 ஜூன்

தம்பி ஏலச்சீட்டில் சேரச் சொல்கிறான். பதிவு செய்த சீட்டா, பதிவு எண் என்ன என்று கேட்டேன். மாப்பிள்ளையின் உடல்நிலையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டான்.

5 ஜூன்

2,000 கட்டினேன். ஐந்துக்குள்.

6 ஜூன், வெள்ளி

பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு செய்ய இன்றே கடைசி நாள். அவள் பதிவே செய்யவில்லை என்பது மதியம்தான் தெரிந்தது. “பி.எஸ்ஸி. போதும்மா, அரசுக் கல்லூரியில் செலவே இல்லை” என்றாள். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும் என்றும், அது அப்பாவின் பிசியோதெரபியில் இரண்டரை நாளுக்கு ஆகும் என்றும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். அவளைத் திட்டினேன், பிறகு அழுதேன், பிறகு இருவரும் இணைய மையத்துக்கு ஓடினோம்.

ரிசர்வ் வங்கி, தான் வங்கிகளுக்குத் தரும் கடனுக்கான ரெப்போ வட்டி விகிதத்தை அரை விழுக்காடு குறைத்து 5.50 ஆக்கியிருப்பதாக அங்கே தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கடன் வைத்திருப்பவர்களுக்குத் திருநாள். நம் வைப்புத்தொகை 12-ஆம் தேதி முதிர்கிறது, 7.25-இல் போட்டதைப் புதுப்பித்தால் இனி 6.50-தான்.

9 ஜூன்

இரவு முழுக்க ஒரே கணக்கு. ஏப்ரலில் மருத்துவமனைக்காக அடகு வைத்த மூன்று பவுன் சங்கிலியின் பேரில் 1,20,000 கடன், ஒன்பது விழுக்காடு வட்டி, மாதம் 900 ரூபாய். அதே தொகையை வைப்பில் புதுப்பித்தால் மாதம் 650 வரும். ‘தொடாதே’ என்ற சொல்லுக்குக் கீழ்ப்படிய நான் மாதந்தோறும் 250 ரூபாய் கொடுக்கிறேன். ஆனால் 250 ரூபாய்கூடப் பெரிதல்ல. வைப்புத்தொகை அவர் ஒருவர் பெயரில் இருக்கிறது, அவரால் கையெழுத்துப் போட முடியாது. சங்கிலி என் கையில் இருந்தால், நாளை நள்ளிரவில் ஆம்புலன்ஸ் ஏற நேர்ந்தாலும், மறுநாள் காலை என் கையெழுத்தாலேயே அதைப் பணமாக்கிவிடலாம். இதை அவரிடம் விளக்க வேண்டும். எப்படி விளக்குவது?

12 ஜூன்

வங்கி அதிகாரி வீட்டுக்கே வந்தார். கைரேகைக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும், ஒருவர் வங்கியைச் சேர்ந்தவராக இருக்க வேண்டுமாம். மற்றவர் எதிர்வீட்டு ஆசிரியர். மைப்பெட்டியில் அவருடைய இடது கட்டைவிரலைப் பதித்தபோது, தோல் உலர்ந்து போயிருந்ததால் ரேகை விழவே இல்லை. ஈரத்துணியால் துடைத்து, தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி, மீண்டும் துடைத்து, மூன்றாவது தாளில்தான் சுழிகள் தெளிவாக வந்தன. 1,20,000 சங்கிலிக்கு. மீதி இருவர் பெயரிலும். அந்தப் படிவத்தில் ‘இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்’ என்ற கட்டத்தில் நான்தான் குறியிட வேண்டியிருந்தது.

அவர் முழுநேரமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

13 ஜூன்

இன்று எதுவும் எழுதப் பிடிக்கவில்லை.

27 ஜூன்

தரவரிசைப் பட்டியல் வந்துவிட்டது. முதல் பட்டதாரிச் சான்றிதழ் கையில் இருப்பதால் கல்விக் கட்டணத்தில் 25,000 ரூபாய் வரை கழியும். விடுதி வேண்டாம் என்கிறாள். பேருந்துக் கட்டணத்தையும் கணக்கிட்டு வைத்திருக்கிறாள், அப்பனின் பெண்.

30 ஜூன்

சிறுசேமிப்பு வட்டி அடுத்த காலாண்டுக்கும் மாறவில்லை, செல்வமகளுக்கு அதே 8.2. நோட்டின் ஓரத்தில் குறித்தேன். பென்சிலால்தான்.

5 ஜூலை

ஐந்துக்குள்.

8 ஜூலை

நாளை அவளுக்குப் பதினெட்டு. இதுவரை காப்பாளராக அவர் நடத்திய கணக்கை இனி அவளே நடத்த வேண்டும். மார்ச் முடிவில் இருப்பு 3,74,000. சேர்க்கை ஆணையைக் காட்டினால் படிப்புக்காகப் பாதி வரை எடுக்கலாம். காலையில் அஞ்சலகம் திறந்ததும் போக வேண்டும். பாஸ்புத்தகம், ஆதார், இரண்டு புகைப்படங்கள் எடுத்து வைத்தாயிற்று. மாதிரிக் கையெழுத்து ஒரே மாதிரி விழ வேண்டும் என்று தாளில் பத்து முறை போட்டுப் பார்த்திருக்கிறாள், எல்லாமே அவருடைய ‘க’.

பிசியோதெரபி நாளைக்கும் அதே நேரத்தில்தான். அவர் பக்கத்தில் யார் இருப்பது என்று இன்னும் முடிவாகவில்லை.