வீட்டு அனுமதிக்கு முன்னால் பட்டா

காரைக்குடியில் வீடு கட்ட அனுமதி வாங்குவதுதான் பெரும்பாடு என்று பயந்துகொண்டிருந்தேன். அது ஒரே நாளில் முடிந்தது. பட்டாவுக்குத்தான் ஐந்து மாதம் அலைந்தேன். பூர்வீக மனையில் கட்டப்போகிறவர்கள் முதலில் பட்டாவை எடுத்துப் பாருங்கள்.

எங்கள் மனை ஐந்து சென்ட், பாகப்பிரிவினையில் அப்பாவுக்கு வந்தது. பத்திரம் பதிவாகி இருபத்தைந்து வருஷமாகியும், பட்டா அப்பா, பெரியப்பா, சித்தப்பா மூவர் பேரிலும் கூட்டாகவே கிடந்தது. வளவு வீட்டில், அதாவது முற்றம் வைத்த பெரிய வீட்டில், பல புள்ளிகள் (குடும்பங்கள்) பங்கோடு இருந்து பழகிய ஊர். காலி மனையையும் அப்படியே விட்டுவிடுகிறோம். எங்கள் பங்கைத் தனிப் பட்டாவாகப் பிரிக்க, இ-சேவை மையத்தில் உட்பிரிவுக்கு மனு கொடுத்தேன். வில்லங்கச் சான்று, பத்திர நகல் எல்லாம் சேர்த்தாயிற்று. அளக்கும் நாளுக்குப் பெரியப்பா மகன் சென்னையிலிருந்து வந்து நின்றார்.

அன்றைக்குத்தான் தெரிந்தது. பத்திரத்தில் கிழமேல் 36 அடி, தென்வடல் 60½ அடி, மொத்தம் 2178 சதுர அடி. சர்வேயர் எல்லைக் கல்லிலிருந்து டேப் பிடித்தபோது கிழமேல் 35¼ அடிதான். இரண்டு தடவை பிடித்துப் பார்த்தார், அதேதான். பட்டா 198 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் 2130 சதுர அடிக்கு, வந்தது.

இன்ஜினியர் தம்பி ஏற்கெனவே 36 அடிக்கு வரைந்து வைத்திருந்தார். "ஆச்சி, இதை அப்படியே ஏத்தியிருந்தா மாட்டியிருப்போம். சுயசான்றுல நாம சொல்றதுதான் கணக்கு. தப்புன்னு தெரிஞ்சா அனுமதியே ரத்தாயிடும்" என்றார். சுயசான்று என்பது 2024 ஜூலையில் வந்த திட்டம். 2500 சதுர அடி வரையுள்ள மனையில், தரைத்தளமும் முதல் தளமுமாக 3500 சதுர அடிக்குள் கட்டினால், முன்கூட்டியே யாரும் வந்து பார்ப்பதில்லை. நம் பொறுப்பு அவ்வளவு கூடுகிறது.

பக்கவாட்டுக் காலியிடத்தில் கைவைக்க முடியாது. முக்கால் அடியையும் கூடத்திலேயே குறைத்தோம். ஆத்தாவுக்குத் தெருவை ஒட்டித் திண்ணை வேண்டும் என்று ஆசை. முன்பக்கமும் விதிப்படி இடம் விட வேண்டுமே! திண்ணையை உள்ளே தள்ளி முகப்போடு சேர்த்து வரைந்தார். மழைநீர்த் தொட்டியைக் காட்டியதும் ஆத்தாவுக்கு ஒரே சந்தோஷம். பழைய வீட்டு முற்றத்தில் மழைத் தண்ணீரை அண்டாவில் பிடித்து வளர்ந்தவர்கள் அவர்கள்.

அப்புறம் எல்லாம் சட்டென்று நடந்தது. காலிமனை வரி ரசீது, பட்டா, பத்திரம், வரைபடம் எல்லாவற்றையும் ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஏற்றி, என் போனுக்கு வந்த ஓடிபியைச் சொன்னேன். காலையில் கட்டணம் கட்டினோம், மதியச் சாப்பாட்டுக்குள் அனுமதி கைக்கு வந்துவிட்டது.

மீதி மனைக்கு இன்னும் சித்தப்பா பேரும் பெரியப்பா பேரும் சேர்ந்தேதான் பட்டா இருக்கிறது. போன வாரம் சித்தப்பாவை இ-சேவை மையத்துக்குக் கூட்டிப்போய் அவர் பங்குக்கும் மனு போட்டுவிட்டு வந்தேன்.