மூணு லட்சம் கிலோமீட்டர் வண்டியும் மாமாவோட காதும்

லீவுக்கு ஊருக்கு வந்து நாலு நாளாச்சு, பாதி நாள் தண்டையார்பேட்டைல மாமாவோட மெக்கானிக் ஷெட்டுலதான் ஓடுது. வீட்ல இருந்தா வர்றவங்க எல்லாம் சம்பளம் எவ்ளோன்னு கேப்பாங்க, ஷெட்டுல அந்தத் தொல்லை கெடையாது, "அங்க இன்னா வண்டி வச்சிகீற"ன்னு மட்டும்தான் கேப்பாங்க. 2004 மாடல், 1,92,000 மைல் ஓடியிருக்குன்னு சொன்னேன். டீ குடிச்சிட்டிருந்த பெரியவர் ஒருத்தர் வாய்க்குள்ளயே கணக்கு போட்டுட்டு "மூணு லட்சம் கிலோமீட்டருக்கு மேல வருதேப்பா, அமெரிக்கா போயி கண்டெய்னர் லாரியா ஓட்ற"ன்னு கேட்டதுல ஷெட்டே சிரிச்சிருச்சு.

சான் ஹோசே போன புதுசுல எனக்கு வேற வழி இல்ல. ஊர்ல பேங்க்ல எவ்ளோ ஒழுங்கா கடன் கட்டியிருந்தாலும் அங்க அது செல்லாது, கிரெடிட் ஹிஸ்டரி இல்லன்னு லோன் குடுக்க மாட்டேன்ட்டாங்க, பஸ்ஸ நம்பி ஆபீஸ் போனா ஒன்றரை மணி நேரம். இங்க ரோட்டுக்கு வந்து கை காட்டுனா ஷேர் ஆட்டோ நிக்கும், அங்க கை காட்டுனா பயந்துட்டு வேகமா போயிருவாங்க. ஊருக்குத் திரும்பிப் போன தெலுங்குக்காரர் ஒருத்தர்கிட்ட 3,200 டாலருக்கு வாங்குனேன். வண்டிய விக்கறவரே ஸ்மாக் சர்ட்டிபிகேட், அதாவது நம்மூர் பொகை சர்ட்டிபிகேட் மாதிரி, எடுத்துக் குடுக்கணும்கறது கலிபோர்னியா சட்டம், அவரும் குடுத்தார், நானும் மடிச்சு டேஷ்போர்டு பெட்டில வச்சிட்டு மறந்துட்டேன்.

ரெண்டு வருஷம் கழிச்சு ரிஜிஸ்ட்ரேஷன் ரெனியூவல் லெட்டர் வந்துச்சு, அதுல ஸ்மாக் டெஸ்ட் தேவைன்னு ஒரு வரி. எட்டு வருஷத்துக்கு உள்ள இருக்கற வண்டின்னா ஒரு ஃபீஸ் கட்டிட்டுப் போயிரலாம், 1975 மாடலோ அதுக்கு முந்துன பெட்ரோல் காரோன்னாலும் கேக்க மாட்டாங்க, நடுவுல மாட்டுன என்ன மாதிரி ஆளுங்கதான் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ ஓடணும். இதுக்கு ஒரு பழைய கதை இருக்கு. 1943ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல திடீர்னு ஊரே மூடுற மாதிரி பொகை, கண்ணெல்லாம் எரிச்சல், உலகப் போர் நேரம்கறதால எதிரிதான் கேஸ் வுட்டுட்டான்னு பயந்திருக்காங்க. ஊர சுத்தி மலை, அதுல மாட்டிக்கிட்ட வண்டிப் பொகையும் ஃபேக்டரிப் பொகையும் வெயில்ல வெந்துதான் அப்படி ஆவுதுன்னு அப்புறம் கண்டுபிடிச்சாங்க, 1984ல இந்த ஸ்மாக் செக் ஆரம்பிச்சுட்டாங்க. இத ஷெட்டுல சொன்னப்ப பெரியவர் "மணலி ரீஃபைனரி பக்கம் இருந்து காத்து திரும்பட்டும், நானும் நெதம் கண்டுபிடிக்கிறேன்"ன்னார்.

என் வண்டில செக் எஞ்சின் லைட்டு ஏற்கனவே ஆறு மாசமா எரிஞ்சிட்டிருந்துச்சு. ஓட்டத்துல ஒரு கொறையும் இல்ல, அதனால அத கோயில் விளக்கு மாதிரி பாத்துட்டு வுட்டுட்டேன். லெட்டர் வந்ததும்தான் திக்குனு ஆச்சு. மாமா ஷெட்டுல வேலை பாக்கற பையன் வாட்ஸாப்ல "அண்ணா பேட்டரி வயர புடுங்கி கொஞ்ச நேரம் கழிச்சு மாட்டு, லைட்டு போயிரும்"னு சொன்னான். புடுங்கினேன், போயிருச்சு. அன்னைக்கே டெஸ்ட்டுக்குப் போயி நின்னேன், பெரிய கெட்டிக்காரன் மாதிரி.

நம்மூர் மாதிரி சைலன்சர்ல குச்சி வுடுவாங்கன்னு நெனச்சேன். 2000க்கு அப்புறம் வந்த பெட்ரோல் வண்டிங்களுக்கு அது கெடையாது. டெஸ்ட் பண்றவர் பானட்ட தொறந்து எல்லா சாமானும் எடத்துல இருக்கான்னு பாத்தார், பொகை கண்ணுக்குத் தெரியுதான்னு பாத்தார், சாவி போட்டதும் அந்த லைட்டு ஒரு தடவ எரியுதான்னும் பாத்தார், பல்ப கழட்டிட்டு வர்ற ஆளுங்களுக்காக. அப்புறம் ஸ்டியரிங்குக்குக் கீழ ஒரு சாக்கெட்ல கேபிள சொருவி வண்டியோட கம்ப்யூட்டர்கிட்டயே கேட்டுட்டார். அது போட்டுக் குடுத்துருச்சு. உள்ள மானிட்டர்னு சில சோதனைங்க இருக்கு, வண்டி ஓட ஓட கம்ப்யூட்டர் தன்னத்தானே ஒவ்வொண்ணா செக் பண்ணி முடிச்சேன்னு குறிச்சு வைக்கும், பேட்டரிய புடுங்குனா எல்லாம் அழிஞ்சு மொதல்லருந்து. லைட்டு இல்ல, ஆனா எதுவுமே ரெடி இல்லன்னு காமிச்சுது, ஃபெயில். போட்ட காசு போச்சு, ரேடியோல செட் பண்ணி வச்சிருந்த ஸ்டேஷனும் போச்சு.

சரி ஓட்டித்தான் பாப்போம்னு ஓட்டுனா மூணாவது நாள் லைட்டு திரும்ப வந்துருச்சு. 20 டாலருக்கு ஒரு ப்ளூடூத் ஸ்கேனர் வாங்கி சொருவுனா பி0420னு ஒரு கோடு, கன்வெர்ட்டர் வேலை சரியில்லன்னு அர்த்தம். ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டுனேன், பொகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் செத்துருச்சு, 1,900 டாலர்னான். வேற ஸ்டேட்ல வெல கம்மியா கெடைக்கற கன்வெர்ட்டர் இங்க மாட்ட முடியாது, கலிபோர்னியா அப்ரூவல் நம்பர் அச்சடிச்சதுதான் மாட்டணும், அதான் அந்த வெல. 3,200 ரூபா வண்டிக்கு, அதாவது டாலர், இன்னும் எனக்கு ரூபான்னுதான் வாய்ல வருது, 1,900க்கு ஒரு சாமானா. ரெனியூவல் ஃபீஸ மட்டும் தேதிக்குள்ள கட்டிட்டேன், டெஸ்ட் பாஸாகாட்டியும் ஃபீஸ கட்டிட்டா லேட் ஃபைன் விழாது, புதுசா போறவங்க இத ஞாபகம் வச்சிக்கோங்க. ஃபெயிலான வண்டிய 60 நாள் ஓட்டிக்க 50 டாலருக்கு ஒரு டெம்பரரி பர்மிட்டும் குடுப்பாங்க, அதயும் வாங்கி கண்ணாடில ஒட்டிக்கிட்டேன்.

பொலம்பறதுக்குத்தான் மாமாவுக்கு வீடியோ கால் போட்டேன். எனக்குக் காலைல ஆறு மணி, அவருக்கு சாயந்திரம் ஆறரை, ஷெட்டு மூடற நேரம். கோடு நம்பர சொன்னா "அத தூக்கி ஓரம் போடு, ராத்திரி பூரா நின்ன வண்டிதான, ஸ்டார்ட் பண்ணு, போன கீழ காட்டு"ன்னார். ஸ்டார்ட் பண்ணேன். ரெண்டு செகண்டு கண்ண மூடிக்கினார்.

"டிக் டிக்னு கேக்குது பாரு."

"வால்வு சத்தம் மாமா, பழைய வண்டி."

"வால்வுன்னா சூடானாலும் அடிக்கும்டா. இரு."

ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷம் போச்சு, சத்தம் கொறஞ்சுகிட்டே வந்து நின்னுருச்சு. "பாத்தியா, சூடாச்சு, இரும்பு விரிஞ்சு ஓட்டைய அடச்சிக்கிச்சு. எங்கயோ பைப்பு ஜாயிண்ட்ல பேக்கிங் போயிருக்கு. நாளைக்கு ஆறுன வண்டில சோப்புத் தண்ணி ஊத்திப் பாரு"ன்னார். மறுநாள் பாத்திரம் கழுவற லிக்விட்ட கரைச்சு ஒவ்வொரு ஜாயிண்டா தெளிச்சேன், கன்வெர்ட்டருக்குப் பின்னாடி பைப்பு சேர்ற எடத்துல குபுகுபுன்னு நொர.

அப்புறம்தான் எனக்கே வெளங்குச்சு. கன்வெர்ட்டருக்கு முன்னாடி ஒரு ஆக்சிஜன் சென்சார், பின்னாடி ஒண்ணு. முன்னாடி இருக்கறது ஏறி எறங்கிகிட்டே இருக்கும், கன்வெர்ட்டர் நல்லா இருந்தா பின்னாடி இருக்கறது அமைதியா இருக்கணும், அதுவும் கூடவே ஆடுனா கன்வெர்ட்டர் அவுட்டுன்னு கம்ப்யூட்டர் முடிவு பண்ணிடும். சைலன்சர் பைப்புல காத்து விட்டு விட்டுத்தான் வருது, அந்த இடைவெளில பேக்கிங் ஓட்டை வழியா வெளிக்காத்த உறிஞ்சிட்டா பின்னாடி சென்சாருக்கு மண்ட கொழம்பிடும். எல்லா பி0420யும் இப்படின்னு சொல்ல வரல, நெறைய வண்டில நெஜமாவே கன்வெர்ட்டர்தான் போயிருக்கும். ஆனா 1,900 சொன்னவன் ஆறுன வண்டிய ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிக் கேட்டிருக்கலாம்.

பேக்கிங்கும் ரெண்டு ஸ்பிரிங் போல்ட்டும் சேத்து 28 டாலர். அபார்ட்மெண்ட் பார்க்கிங்ல ரிப்பேர் பண்ணக்கூடாதுன்னு ரூல் இருக்கறதால ஃப்ரெண்டு வீட்டு வாசல்ல வச்சு செஞ்சோம். போல்ட்டு துரு புடிச்சு அசையவே இல்ல, மாமா போன்ல "தட்டு, தட்டு, ஏண்டா தடவிக்கினு கீற"ன்னு கத்துறார், பக்கத்து வீட்டு அமெரிக்கப் பாட்டி சண்டை போடறாங்கன்னு நெனச்சு எட்டிப் பாத்துச்சு.

கோடு அழிச்சிட்டு மறுபடி மானிட்டருக்குத் தவம். ராத்திரி பூரா ஆறப்போட்டு, காலைல ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிஷம் நிறுத்தி வச்சு, டேங்க்ல காவாசிக்கு மேல முக்காவாசிக்குள்ள பெட்ரோல் வச்சுகிட்டு, 280 ஹைவேல ஒரே வேகமா 60 மைல்ல கால் மணி நேரம், அப்புறம் பிரேக்க தொடாம வேகத்த கொறைக்கணும். ஞாயித்துக்கெழம விடிகாலைல போனாத்தான் அது நடக்கும். ஒண்ணொண்ணா ரெடி ஆச்சு, கன்வெர்ட்டர சோதிக்கற மானிட்டர் மட்டும் பிடிவாதம், நாலாவது நாள்தான் அசைஞ்சுது. பெட்ரோல் ஆவி சோதிக்கற மானிட்டர் ஒண்ணு மட்டும் கடைசி வரைக்கும் முடியல, அந்த ஒண்ணு பாக்கி இருந்தாலும் என் வண்டி மாதிரி பெட்ரோல் வண்டிக்கு ஒத்துக்குவாங்க. பாஸ். டெஸ்ட் காசோட சர்ட்டிபிகேட்டுக்குன்னு 8.25 டாலர் தனியா வாங்குனாங்க, அவ்ளோ சந்தோஷமா நான் எந்த பில்லும் கட்டுனதில்ல.

இன்னைக்குக் காலைல மாமாவோட மாருதி ஆம்னிக்குப் பொகை சர்ட்டிபிகேட் எடுக்கப் போனோம். 98 மாடல், 15 வருஷத்துக்கு அப்புறம் மூணு தடவ ஆர்சி ரெனியூ பண்ணியாச்சு, அதுக்கு ஆறு மாசத்துக்கு ஒருக்கா இது. குச்சிய வுட்டான், நம்பர் பிளேட்ட ஒரு போட்டோ எடுத்தான், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன்னு ரெண்டு நம்பர் வந்துச்சு, பேப்பர் வந்துருச்சு. எண்ணூர் ஹைரோட்டுல கண்டெய்னர் வரிச ஒண்ணு கரும்பொகைய கக்கிகிட்டே எங்கள தாண்டிப் போச்சு, மாமா துண்டால மூக்க பொத்திகிட்டே "நம்ம வண்டி ஸோக்கா கீதுடா"ன்னார்.

அவருக்குன்னு ஒரு ஸ்கேனர் வாங்கிட்டு வந்திருந்தேன். ஆம்னி கார்புரேட்டர் வண்டி, சொருவ எடமே இல்ல, ஆணில அம்மன் படத்துக்குப் பக்கத்துல மாட்டி வச்சிட்டார். சாயந்திரம் ஒரு டாக்ஸி டிரைவர் லைட்டு எரியுதுன்னு வந்தார், அந்த வண்டில சாக்கெட்டு இருந்துச்சு. மாமா ஆணில இருந்து எடுத்து சொருவி, என் போன்ல வந்த நம்பர கண்ணாடிய ஏத்தி வுட்டுப் பாத்தார், போன என்கிட்ட குடுத்துட்டு டிரைவர்கிட்ட சொன்னார்: "வண்டிய இங்கயே வுட்டுட்டுப் போ. ராத்திரி ஆறட்டும். காலைல வா, நீ வந்தப்புறம்தான் ஸ்டார்ட் பண்ணுவேன்."