கையுறையும் மோட்டல் சுவரும்

சினிமாவில் உடையலங்காரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் பிரிவுக்குப் புதிதாக வருகிறவர்களை, பழைய காலத்தில் நடக்கும் ஒரு பீரியட் படம் தொடங்கும் முன் 'கேரல்' பார்த்துவிட்டு வரச் சொல்வேன். டாட் ஹெய்ன்ஸ் இயக்கி 2015-இல் வந்த படம். கதை நடப்பது 1952-53 குளிர்காலத்தில், நியூயார்க்கில். ஒரு பெரிய கடையின் பொம்மைப் பிரிவில் நிற்கும் தெரேஸ், மகளுக்குக் கிறிஸ்துமஸ் பரிசு வாங்க வரும் கேரல், இந்த இரண்டு பெண்களுக்கும் இடையில் உண்டாகும் காதல்தான் கதை. ரூனி மாராவும் கேட் பிளான்செட்டும் நடித்திருக்கிறார்கள். உடைகள் சாண்டி பாவெல், அரங்க வடிவமைப்பு ஜூடி பெக்கர்.

ஐம்பதுகளின் அமெரிக்கா என்றதும் குடைபோல் விரிந்த பாவாடையும் மிட்டாய் நிறங்களும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். இந்தப் படத்தில் அது இல்லை. 1952-இல் மக்கள் அணிந்திருந்ததில் பெரும்பகுதி நாற்பதுகளின் மிச்சம். இரண்டாம் உலகப் போர் நடந்தபோது, 1942-இல், அமெரிக்க அரசு எல்-85 என்ற உத்தரவின் மூலம் பெண்கள் உடைக்கு எவ்வளவு துணி செலவாகலாம் என்றுகூட வரையறுத்தது. நைலான் பாராசூட்டுக்குப் போனது. 1947-இல் உடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் பாரிஸில் இறுகிய இடையும் நீண்ட பாவாடையும் கொண்டுவந்தபோது, கேரல் போன்ற வசதியான பெண்களால் உடனே மாற முடிந்தது. தெரேஸால் முடியுமா? அவள் கல்லூரி மாணவிபோல ஒரு பினோஃபோரும் வண்ணக் குல்லாயுமாக வருகிறாள். வசனத்தில் யாரும் வர்க்க வேறுபாடு பேசுவதில்லை. பேச வேண்டிய தேவையும் இல்லை.

நிறங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெக்கர் சுவர்களுக்கு எடுத்துக்கொண்டவை அழுக்கேறிய பச்சை, புளித்துப்போன மஞ்சள், தூசி படிந்த இளஞ்சிவப்பு. ஒளிப்பதிவாளர் எட் லாக்மன் அதை சூப்பர் 16 என்ற சிறிய அளவு ஃபிலிமில், மழைநீர் வழியும் கண்ணாடிகளுக்குப் பின்னாலிருந்து எடுத்தார். எடுத்த ஊர் நியூயார்க் அல்ல, ஒஹையோவின் சின்சினாட்டி. இந்த மங்கிய உலகத்துக்குள் கேரல் வெளிர் மிங்க் ரோமக் கோட்டும் பவளநிற ஸ்கார்ஃபுமாக வந்து நிற்கும்போது, தெரேஸின் கண் ஏன் அங்கேயே நிலைத்துவிடுகிறது என்பதை விளக்க வேண்டியதில்லை. அந்தக் கோட்டைப் பழைய ரோமத் தோல்களிலிருந்து தைத்தார்கள். அணியும்போதெல்லாம் எங்காவது பிரிந்துபோய், திரும்பத் திரும்பத் தைக்க வேண்டியிருந்ததாம். ஷாட் இடைவேளையில் ஊசி நூலோடு ஓடிப் பழகியவர்களுக்கு அந்த அவஸ்தை புரியும்.

எங்கள் வேலையில் பாதி, புதுத்துணியைப் பழசாக்குவதுதான். டீ டிகாக்ஷனில் முக்குவோம், காலர் மடிப்பை உப்புத்தாளால் தேய்ப்போம். ஆனால் துணி பழசாகத் தெரிந்தால் மட்டும் காலம் வந்துவிடாது. அந்த உடை அந்த உடம்பை எதைச் செய்ய விடாமல் தடுத்தது என்பதும் தெரிய வேண்டும். கேரல் கையுறையைக் கடை மேசையில் விட்டுப் போகிறாள். தெரேஸ் விற்பனைச் சீட்டில் இருந்த முகவரிக்கு அதை அனுப்பி வைக்கிறாள். கதை அங்கேதான் நகரத் தொடங்குகிறது. தொப்பி, கையுறை, இறுக்கிய உள்ளுடை என்று எல்லாம் மூடியிருக்கும் ஊரில் வெறும் கை ஒரு பெரிய விஷயம். பின்னால் தேநீர் விடுதியில் கேரல் தெரேஸின் தோளில் ஒரு நொடி கை வைத்துவிட்டுப் போகிறாளே, அந்தத் தருணம் படத்தில் இரண்டு முறை வருகிறது. முதல் முறை வெறும் விடைபெறல். இரண்டாம் முறை நமக்கு எல்லாம் தெரியும், அந்தக் கை தாங்க முடியாததாக இருக்கிறது. உடைகள் ஒரு நூல் தளர்ந்திருந்தாலும் அந்தக் காட்சிக்கு இந்தக் கனம் வந்திருக்காது.

இந்தக் காதல் வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயமும் அந்த ஊரில் நிஜமானது. 1952-இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேடு ஒருபால் ஈர்ப்பை மனக்கோளாறாகப் பட்டியலிட்டது. 1953 ஏப்ரலில் அதிபர் ஐசனோவர் போட்ட உத்தரவால் இதைக் காரணம் காட்டியே மத்திய அரசு ஊழியர்களை வேலையிலிருந்து நீக்கினார்கள். மூல நாவலை எழுதிய பட்ரீஷியா ஹைஸ்மித்தே 1952-இல் வேறு பெயரில்தான் அதை வெளியிட்டார். சொந்தப் பெயர் போட 1990 ஆனது.

படத்தில் இந்தப் பயம் வந்து உட்காரும் இடம், அயோவா மாநிலம் வாட்டர்லூவில் ஒரு சாதாரண மோட்டல், அதாவது நெடுஞ்சாலை விடுதி, அறை. கேரலின் நியூஜெர்சி வீட்டில் எத்தனை பெரிய அறைகள் இருந்தும் அவளுக்கு ஓர் இடம் இல்லை. இந்த மலிவான அறையில்தான் இருவரும் சேர்கிறார்கள். பக்கத்து அறையிலோ, கணவன் அனுப்பிய துப்பறிவாளன் ஒலிப்பதிவுக் கருவியோடு இருக்கிறான். மகளை யார் வளர்ப்பது என்ற வழக்குக்கு அதுதான் சாட்சி. ஆக, அந்த செட்டில் முக்கியமான பொருள் கட்டிலோ விளக்கோ இல்லை, சத்தம் கடந்துபோகும் அந்தச் சுவர்தான்.

படத்துக்கு ஆஸ்கரில் ஆறு பரிந்துரைகள் கிடைத்தும் ஒன்றுகூடக் கைக்கு வரவில்லை என்பதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. சரி, விருதை விடுவோம். இப்போதெல்லாம் ஸ்கிரிப்ட் கைக்கு வந்ததும் ஆர்ட் டைரக்டரிடம் போய், இந்த அறையின் சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறேன். அது தெரிந்த பிறகுதான் துணி வாங்கக் கிளம்புகிறோம்.